பழைய மாத்திரை, புது மாத்திரை: இரண்டு டாக்டர்கள் ஏன் இரண்டு விதமாக எழுதுகிறார்கள்?

செங்கோட்டைப் பக்கம் சுகர் உள்ளவர்களில் பலருக்கு இரண்டு டாக்டர்கள் உண்டு. மாதாமாதம் காட்டுவதற்கு உள்ளூரில் ஒருவர். வருடத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை செய்துகொள்ள, மலை தாண்டிப் புனலூரிலோ திருவனந்தபுரத்திலோ இன்னொருவர். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது. பெண் கொடுத்து எடுத்த உறவு அந்தப் பக்கம் நிறைய இருப்பதால், வைத்தியத்துக்கும் அங்கே போவது யாருக்கும் புதிதாகத் தெரிவதில்லை.

சிக்கல் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வருகிறது. ஒன்றில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் இருக்கும். இன்னொன்றில் டாபாக்ளிஃப்ளோசின் என்று வாயில் நுழையாத ஒரு பெயர் கூடுதலாக இருக்கும். உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. "இங்க உள்ளவருக்குப் புது மருந்து ஒண்ணும் தெரியாது" என்பார் ஒருவர். "அங்க உள்ளவரு கம்பெனிக்காரன் சொன்னதை எழுதிட்டாரு" என்பார் இன்னொருவர். மருந்துக் கடை மேசைக்குப் பின்னால் நின்று இந்த இரண்டையும் அடிக்கடி கேட்கிறேன். இரண்டுமே பெரும்பாலும் உண்மை இல்லை. ஒரு டாக்டர் புது மருந்தை எழுதுவதற்கும் எழுதாமல் விடுவதற்கும் பின்னால் மூன்று வேறுவேறு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், முதலில் இந்த மருந்துகள் உடம்பில் என்ன செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

குளம், மடை, மறுகால்

நம் ஊர்க் குளத்தையே எடுத்துக்கொள்வோம். கால்வாயில் தண்ணீர் வருகிறது. மடையைத் திறந்தால் வயலுக்குப் பாய்கிறது. திறந்துவிட நீர்பாய்ச்சி ஒருவர் இருக்கிறார். அளவுக்கு மேல் நிரம்பினால் மறுகால் வழியாக வெளியேறுகிறது.

ரத்தம்தான் குளம், அதிலுள்ள சர்க்கரைதான் தண்ணீர். சாப்பாட்டிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் சர்க்கரை வந்து சேர்கிறது. தசைகளும் மற்ற உறுப்புகளும் வயல்கள். கணையம் சுரக்கும் இன்சுலின்தான் மடையைத் திறக்கும் நீர்பாய்ச்சி. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை சர்க்கரை நோயில் மடை துருப்பிடித்துச் சரியாகத் திறப்பதில்லை. நாளாக ஆக நீர்பாய்ச்சிகளும் குறைந்துபோகிறார்கள். வயல் காய்கிறது, குளம் மட்டும் ததும்பி நிற்கிறது.

மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலிலிருந்து வரும் வரத்தைக் குறைக்கிறது. 1957-லிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து. விலை மலிவு, நல்ல மருந்து. இன்றைக்கும் பெரும்பாலான சீட்டுகளில் முதல் வரி அதுதான்.

கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் சல்ஃபோனைல்யூரியா என்ற குடும்பம். 1950-களில் வந்த குடும்பம். இவை கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினை வெளியே தள்ள வைக்கின்றன. சர்க்கரை நன்றாகவே இறங்கும். ஆனால் குளத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று இவை பார்ப்பதில்லை. குளம் வற்றத் தொடங்கினாலும் நீர்பாய்ச்சிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்படி ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போவதைத்தான் லோ சுகர் என்கிறோம். தென்மலை, குளத்துப்புழைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "வந்து சாப்பிட்டுக்கலாம்" என்று தோட்டத்துக்குள் போனால், ஒன்பது மணிக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கத்தியோடு மரத்தடியில் உட்கார வேண்டி வரும். அவருக்கு இந்த மாத்திரை பொருந்துமா என்பது வேலை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் கேட்டால்தான் தெரியும்.

புது மருந்து என்று ஒன்று இல்லை, மூன்று குடும்பங்கள் உண்டு

பேச்சில் எல்லாவற்றையும் சேர்த்து "புது மாத்திரை" என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் குடும்பம் கிளிப்டின்கள். சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், லினாக்ளிப்டின், டெனெலிக்ளிப்டின் என்று பெயரின் வாலிலேயே அடையாளம் இருக்கும். சாப்பிட்டதும் குடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து, "வரத்து வருகிறது, தயாராக இரு" என்று கணையத்துக்குச் சொல்லும். அந்த ஹார்மோன் சீக்கிரம் அழிந்துபோகாமல் கிளிப்டின்கள் காக்கின்றன. வரத்து இருக்கும்போது மட்டும் நீர்பாய்ச்சி கிளம்புவதால், தனியாக எடுத்தால் லோ சுகர் அபூர்வம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இவை இதயத்தையோ சிறுநீரகத்தையோ தனியாகக் காப்பாற்றுவதாக நிரூபணம் இல்லை. லினாக்ளிப்டினையும் பழைய கிளிமெபிரைடையும் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. லோ சுகர் மட்டும் கிளிமெபிரைடில் அதிகம். ஆக, சீட்டில் கிளிப்டின் இருப்பதை வைத்து "நம்ம டாக்டர் லேட்டஸ்ட் மருந்து தர்றாரு" என்று முழுத் திருப்தி அடைய முடியாது.

இரண்டாவது குடும்பம் ஃப்ளோசின்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கனாக்ளிஃப்ளோசின். இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி இவற்றைப் பற்றித்தான்.

மூன்றாவது, அந்தக் குடல் ஹார்மோனையே ஒத்த மருந்துகள். லிராக்ளூடைட், செமாக்ளூடைட் போன்றவை; பெரும்பாலும் ஊசி. பசியையும் வயிறு காலியாகும் வேகத்தையும் குறைப்பதால் எடை இறங்கும். இதய நோய் உள்ளவர்களுக்குப் பலன் நிரூபணமாகியிருக்கிறது. சர்க்கரை மருந்தாக வந்தவை இப்போது எடை குறைக்கும் ஊசியாகப் பேசப்படுகின்றன. அது தனிக் கதை. இங்கே அதற்குள் போகவில்லை.

சரி, இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். மெட்ஃபார்மின் வரத்தைக் குறைக்கிறது. சல்ஃபோனைல்யூரியா குளத்தைப் பார்க்காமல் மடையைத் திறக்க ஆளனுப்புகிறது. கிளிப்டின் வரத்து வரும்போது மட்டும் அனுப்புகிறது. புதிது என்பதால் மட்டும் ஒரு மருந்து இதயத்தைக் காப்பதில்லை.

ஃப்ளோசின் என்ன செய்கிறது?

சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகிறது. அதோடு கிட்டத்தட்ட அதே அளவு கிராம் சர்க்கரையும் வடிகட்டிக்குள் வந்துவிடும். அதை வீணாக்காமல் திரும்ப ரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளச் சிறுநீரகக் குழாய்களில் ஒரு புரதம் இருக்கிறது. எஸ்.ஜி.எல்.டி-2 என்று பெயர். ஏறக்குறைய 90 சதவீதத்தை அதுவே பிடித்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பிடிக்க முடியாமல் சிறுநீரில் போகும். அதுதான் உடம்பின் மறுகால்.

ஃப்ளோசின் இந்தப் புரதத்தைத் தடுக்கிறது. அதாவது மறுகாலின் உயரத்தைக் குறைத்துவிடுகிறது. முன்பு நிரம்பினால் மட்டும் வழிந்தது, இப்போது பாதிக் குளத்திலேயே வழிகிறது. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவருக்கு ஒரு நாளில் 60 முதல் 80 கிராம் சர்க்கரை சிறுநீரில் போய்விடும். தண்ணீர் மட்டம் இறங்க இறங்க வழிவதும் தானாகவே குறைந்துவிடும். அதனால்தான் இது தனியாக லோ சுகரை உண்டாக்குவது அபூர்வம்.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் யூரின் டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை நான்கு பிளஸ் என்று வரும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இதைப் பார்த்துப் பதறி மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. லேப்பில் இருப்பவருக்கும் தெரியாமல், "என்ன சார், இவ்வளவு ஏறிப் போச்சு" என்று பயமுறுத்துவதும் உண்டு.

2015-ல் நடந்த திருப்பம்

2007-ல் ரோசிக்ளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறதோ என்ற பெரிய சந்தேகம் எழுந்தது. 2010-ல் இந்தியாவில் அதைத் தடை செய்தார்கள். சர்க்கரையை இறக்கும் மருந்தே இதயத்தைக் கெடுக்கலாம் என்ற பயம் வந்ததும், 2008 முதல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு நிபந்தனை வைத்தது. புதிதாக வரும் எந்தச் சர்க்கரை மருந்தும் இதயத்துக்குக் கேடு செய்யவில்லை என்று காட்ட வேண்டும்.

கேடு இல்லை என்று காட்டத்தான் எம்பாக்ளிஃப்ளோசினை 7,020 பேரிடம் சோதித்தார்கள். எல்லோருமே ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ள சர்க்கரை நோயாளிகள். 2015-ல் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது. சுமார் மூன்று வருடத்தில், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இதய நோயால் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. இதயம் பலவீனமாகி மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேருவதும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

அப்புறம் 2019-ல் வந்தது இன்னும் பெரிய செய்தி. இதய பலவீனம் உள்ள 4,744 பேரிடம் டாபாக்ளிஃப்ளோசினைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அவர்களுக்கும் பலன் இருந்தது. உப்பும் நீரும் கொஞ்சம் கூடுதலாக வெளியேறி இதயத்தின் சுமை குறைகிறது, சிறுநீரக வடிகட்டிகளுக்குள் உள்ள அழுத்தம் இறங்குகிறது என்பது விளக்கங்களில் முக்கியமானது.

சர்க்கரையை இறக்க வந்த மருந்து, சர்க்கரை எவ்வளவு இறங்கியது என்பதைப் பெரிதும் பொருட்படுத்தாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கிறது என்றாகிவிட்டது. இதய பலவீனமோ சிறுநீரக நோயோ இருந்தால், மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி நன்றாக இருந்தாலும் ஃப்ளோசினை யோசியுங்கள் என்று உலக வழிகாட்டுதல்கள் இன்று சொல்வது இதனால்தான். நாம் மட்டுமல்ல, பல டாக்டர்களும் இன்னும் முழுதாகப் பழகாத மாற்றம் இது.

தெரிவது, நம்புவது, முடிவது

மருத்துவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து இதை ஆராய்கிறவர்கள் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்பார்கள்: அறிவு, மனப்பான்மை, நடைமுறை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் யாரைப் பற்றியும் நியாயமாகப் பேச முடியாது.

முதலில் அறிவு. டாக்டர்களின் அறிவுக்கும் ஒரு காலம் உண்டு. டாபாக்ளிஃப்ளோசின் வந்த புதிதில், இ.ஜி.எஃப்.ஆர் 60-க்குக் கீழே இருந்தால் தர வேண்டாம் என்றார்கள். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. பிறகு அந்த எல்லை 45 ஆனது. இன்று 25 வரை இருந்தாலும் தொடங்கலாம். அன்று கற்று அதன்பின் புதுப்பித்துக்கொள்ள நேரம் கிடைக்காத டாக்டர், "கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்கு, இந்த மாத்திரை வேண்டாம்" என்பார். யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே மருந்து கிடைக்காமல் போகிறது. என்னைக் கேட்டால், மிகவும் வருத்தப்பட வேண்டிய இடைவெளி இதுதான்.

இன்னொன்று. ஃப்ளோசின் தொடங்கிய சில வாரங்களில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் ஏறும். வடிகட்டியின் உள்ளே அழுத்தம் இறங்கியதன் விளைவு அது. கொஞ்ச அளவு ஏற்றம் எதிர்பார்த்ததுதான். அந்த ஆரம்ப ஏற்றத்துக்குப் பிறகு, மருந்து இல்லாதவர்களைவிடச் சிறுநீரகம் மெதுவாகவே தேய்கிறது. இது தெரியாத இடத்தில், "கிட்னியைக் கெடுக்குது" என்று நிறுத்திவிடுவார்கள். நம் ஊர்களில் அந்த வதந்தி பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது மனப்பான்மை. எல்லாம் தெரிந்தும் தயங்குவது. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. முப்பது வருடம் பார்த்த டாக்டர் ரோசிக்ளிட்டசோனை எழுதியிருப்பார், பிறகு அது தடையானதையும் பார்த்திருப்பார். 2013 ஜூனில் பியோக்ளிட்டசோனை இந்திய அரசு நிறுத்தி வைத்தது. அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது. இதையெல்லாம் அனுபவித்தவர், "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றால் அது அக்கறை. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்த பிறகும் அதே பொறுமை தொடர்ந்தால், அந்தக் காத்திருப்பின் விலையை நோயாளி கொடுக்கிறார். மாற்ற வேண்டிய நேரத்தில் சிகிச்சையை மாற்றாமல் விடுவதை மருத்துவத் தேக்கம் என்கிறார்கள்.

மனப்பான்மையில் இன்னொரு பக்கமும் உண்டு. இது யாருடைய மருந்து? இதய டாக்டர், "சுகர் மாத்திரை, சுகர் டாக்டர் பார்த்துக்குவார்" என்று விடுகிறார். சுகர் டாக்டர், "சுகர் 130-தானே இருக்கு" என்று விடுகிறார். இருவருமே கெட்டிக்காரர்கள், இருவருக்கும் நடுவில் நோயாளி விடுபட்டுப் போகிறார். ஒருவர் தென்காசியிலும் இன்னொருவர் திருவனந்தபுரத்திலும் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேசும் வாய்ப்பும் இல்லை.

மூன்றாவது நடைமுறை. அறிவும் நம்பிக்கையும் இருந்தும் கை எழுதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது, புது மருந்தின் பக்கவிளைவுகளை ஒருவருக்கு உட்கார வைத்துச் சொல்ல எத்தனை நிமிடம் கிடைக்கும்? 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, பெரிய உதவி. ஆனால் அதில் வருவது பெரும்பாலும் மெட்ஃபார்மின் போன்ற பழைய மருந்துகள்தான்.

விலையும் பெரிய தடையாக இருந்தது. எம்பாக்ளிஃப்ளோசின் ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய்க்கு விற்றது. தோட்டக் கூலிக்காரரிடம் மாதம் 1,800 ரூபாய்க்கு மாத்திரை எழுத எந்த டாக்டருக்கு மனம் வரும்? ஆனால் இந்தத் தடை இப்போது பெருமளவு விலகிவிட்டது. டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-லும் எம்பாக்ளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் இந்தியாவில் முடிந்தது. பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி, பத்து ரூபாய்க்குக் கீழேயும் கிடைக்கிறது. "அது பணக்கார மருந்து" என்ற எண்ணம் மட்டும் டாக்டர்களிடமும் நோயாளிகளிடமும் இன்னும் அப்படியே நிற்கிறது.

சுருக்கமாக: சீட்டில் ஃப்ளோசின் இல்லையென்றால் தெரியாமலும் இருக்கலாம், தயக்கமாகவும் இருக்கலாம், உங்கள் நிலைமையைப் பார்த்து வேண்டாம் என்று முடிவு செய்ததாகவும் இருக்கலாம். கேட்டால் ஒழிய எது என்று தெரியாது.

யாருக்கு வேண்டாம், எப்போது நிறுத்த வேண்டும்

வேண்டாம் என்பதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், பெண்களுக்கு அதிகம். வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையை மட்டும் ரகசியமாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சொன்னால் சுலபமான மருந்து உண்டு. நிறையத் தண்ணீரும் சுத்தமும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. வயதானவர்களுக்கு நீர் குறைந்து தலைசுற்றலாம். முதல் வகை சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பொதுவாக வேண்டாம்.

அபூர்வமானாலும் ஆபத்தானது ஒன்று: கீட்டோஅசிடோசிஸ். இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தம் அமிலமாவது. வழக்கமாக இதில் சுகர் 300, 400 என்று ஏறியிருக்கும். ஃப்ளோசின் சாப்பிடுகிறவருக்குச் சுகர் 200-க்குள் இருக்கும்போதே வந்துவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்து, குளுக்கோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "ஃப்ளோசின் சாப்பிடுகிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். வாந்தி பேதி, கடும் காய்ச்சல், சாப்பிட முடியாத நாட்களில் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நோன்பு, நீண்ட பட்டினி விரதம் இருப்பதானால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்பது

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி சர்க்கரை நோய் கேரளத்தில் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இரு மாநில எல்லையிலுள்ள புளியரை சோதனைச் சாவடிக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் வீட்டுக்கு ஒருவராவது இந்தக் கேள்விகளோடு போக வேண்டியிருக்கிறது.

"புது மாத்திரை எழுதுங்க" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எந்த டாக்டரும் சங்கடப்படுவார். "எனக்கு இதயமோ சிறுநீரகமோ பாதித்திருக்கிறதா? அதற்குத் தகுந்த மருந்து இதில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். எச்பிஏ1சி மட்டும் போதாது. கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்ற சோதனை, ஏற்கெனவே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட் ஆகியவற்றையும் ஒரே உறையில் வைத்துக் கொண்டுபோங்கள். ஆல்புமின் சோதனையைப் பலருக்கு ஒருமுறைகூட எடுத்திருப்பதில்லை. கிரியாட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே சிறுநீரகக் கோளாறைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

இரண்டு ஊரில் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அங்கே ஒரு கம்பெனிப் பெயரில் டாபாக்ளிஃப்ளோசினை எழுதுவார்கள், இங்கே வேறு கம்பெனிப் பெயரில் அதே மருந்தை மெட்ஃபார்மினோடு சேர்த்து எழுதுவார்கள். வீட்டில் இரண்டையும் சாப்பிடுவார்கள். டாபாக்ளிஃப்ளோசின் இரட்டிப்பாகிவிடும். அங்கே எழுதிய சீட்டிலும் மெட்ஃபார்மின் இருந்தால், அதுவும் இரட்டிப்பாகி வயிறு கெட்டு வருகிறவர்களும் உண்டு. சீட்டை மட்டும் கொண்டுபோகாமல், சாப்பிடும் அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பார்த்து ஒத்துப்போகிறதா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். தெரிந்த மருந்துக் கடைக்காரரிடமும் கேட்கலாம், அதற்குக் காசு வாங்க மாட்டோம்.